கன்னத்தில் தெரியும் சாம்பல் நிறம் தேய்மானமா? வெள்ளி நினைவு நாணயத்தின் தரத்தை மதிப்பிடும் முறை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 1893 என்று ஆண்டு பொறித்த, கொலம்பஸின் உருவம் உள்ள அமெரிக்க வெள்ளி நாணயமான கொலம்பிய அரை டாலர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. விற்றவர் அதைப் புழங்காத நாணயம் என்று சொல்லி விற்றார். படத்தைப் பார்த்த மூன்று சேகரிப்பாளர்களில் ஒருவர் எம்எஸ்-62 (புழங்காத நாணயங்களுக்குத் தரும் எண்களில் ஒன்று) என்கிறார், இன்னொருவர் ஏயூ-58 (ஏறக்குறையப் புழங்காதது) என்கிறார், மூன்றாமவர் இது துடைக்கப்பட்ட நாணயம், இதற்கு எண்ணே தர முடியாது என்கிறார். கொலம்பஸின் கன்னத்திலும் புருவத்திலும் மட்டும் லேசான சாம்பல் நிறம் படிந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. யார் சொல்வது சரி, அதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூவரும் ஒருவரை ஒருவர் மறுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அவர்கள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஏயூ-58 என்றவர் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்தார். எம்எஸ்-62 என்றவர் கன்னத்தின் சாம்பல் நிறத்தை அச்சு சரியாக விழாததன் அடையாளமாக எடுத்துக்கொண்டு, தளத்திலுள்ள, அதாவது உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பிலுள்ள வடுக்களைக் கணக்கில் வைத்து எண் கொடுத்தார். மூன்றாமவர் நாணயத்தின் மேற்பரப்பு அசலானதா என்று பார்த்தார். என் அனுபவத்தில் இந்த மூன்றில் மேற்பரப்பைப் பற்றிய கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. தேய்மானம் அதற்கு அடுத்தது. எண் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது. பலர் எண்ணை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற காரணங்களை நாணயத்தில் தேடுகிறார்கள். வாங்குபவருக்கு உயர்ந்த எண் வேண்டும் என்ற ஆசையும் விற்பவருக்கு அதே ஆசையும் இருக்கும்போது, அப்படித் தேடினால் காரணங்கள் தாராளமாகக் கிடைத்துவிடும்.

உங்களிடம் உள்ள நாணயத்தின் வரலாறும் இந்தக் கேள்வியில் ஒரு பங்கு வகிக்கிறது. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அமெரிக்க அரசு வெளியிட்ட நாணயம் இது. அந்நாட்டின் முதல் நினைவு நாணயமும் இதுவே. அதிகபட்சம் 50 லட்சம் நாணயங்கள் அடிக்க அனுமதி கிடைத்தது. 50 சென்ட் முகமதிப்புள்ள நாணயத்தை ஒரு டாலருக்கு விற்றார்கள். எதிர்பார்த்த அளவுக்கு விற்பனை இல்லை. மிஞ்சியவற்றில் சுமார் 25 லட்சம் நாணயங்கள் உருக்கப்பட்டன, பெரும் எண்ணிக்கையிலானவை முகமதிப்புக்கே புழக்கத்தில் விடப்பட்டன. கண்காட்சிக்கு வந்தவர்கள் நினைவுப்பொருளாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவையும் ஏராளம். ஆகவே நினைவு நாணயம் என்றாலே பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருக்கும் என்ற எண்ணம் இதற்குப் பொருந்தாது. சிறிது காலம் கைமாறி, பிறகு யாராலோ எடுத்து வைக்கப்பட்ட நாணயமாக இருப்பதுதான் இதன் இயல்பான நிலை. உங்கள் நாணயத்தைக் கையில் எடுக்கும்போது அந்த ஐயத்துடனேயே எடுப்பது நல்லது.

தரம் பார்க்கும் முன் நாணயம் அசல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எடை 12.5 கிராம், விட்டம் 30.6 மி.மீ., உலோகம் 90 சதவீத வெள்ளியும் 10 சதவீதச் செம்பும், ஓரத்தில் சீரான வரிகள். இவை எல்லாம் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை என்பதால் நாணயச்சாலைக் குறி எதுவும் இருக்காது. சிறிதளவே தேய்ந்த நாணயம் இந்த எடையிலிருந்து அதிகம் விலகாது. எடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தால் தரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அசல்தன்மையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

இனி வெளிச்சம். குழல்விளக்கின் கீழ் வெள்ளி நாணயத்தின் தரத்தைப் பார்க்கவே கூடாது. அதன் ஒளி நாலாபுறமும் பரவி விழுவதால் மயிரிழைக் கீறல்கள் மறைந்துவிடும், தேய்ந்த இடமும் தேயாத இடமும் ஒரே மாதிரி தெரியும். ஒற்றைப் புள்ளியிலிருந்து ஒளி வரும் மேசை விளக்கு வேண்டும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுவது நல்லது. கீழே மென்மையான துணியை விரித்து, நாணயத்தை ஓரத்தில் மட்டும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, விளக்கின் ஒளி சாய்வாக விழும்படி வைத்து, மெதுவாகச் சாய்த்தபடியே சுழற்றுங்கள். முதலில் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்த எடுப்பிலேயே பயன்படுத்துபவர்கள் ஒரு சின்ன வடுவைப் பெரிய குறையாகக் கண்டு பதறுவார்கள், நாணயம் முழுவதும் ஒளி செத்துக் கிடப்பதைக் கவனிக்கத் தவறுவார்கள். ஐந்து மடங்கு பெருக்கும் கண்ணாடி போதுமானது; ஐயம் எழுந்த இடத்தை மட்டும் அதனால் பார்க்கலாம். பத்து மடங்குக் கண்ணாடி போலியைக் கண்டுபிடிக்கவும் அச்சு வேறுபாடுகளைப் பிரித்தறியவும் உதவும், தரம் பார்க்க அது தேவைக்கு மிஞ்சியது.

இப்படிச் சுழற்றும்போது நீங்கள் தேடுவது சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்று சொல்லும் மூல ஒளிர்வை. உருவம் செதுக்கிய இரண்டு அச்சுகளுக்கும் இடையே வெள்ளி வில்லை அழுத்தப்படும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஆயிரக்கணக்கான முறை அடித்த அச்சின் முகத்திலும் அந்த ஓட்டம் நுண்ணிய கோடுகளாகப் பதிந்துவிடுகிறது. அவை அடுத்தடுத்த நாணயங்களுக்கும் இறங்குகின்றன. கண்ணால் தனித்தனியாகக் காண முடியாத இந்த ஆரைக்கோடுகள் ஒவ்வொன்றும் ஒளியைத் தன் கோணத்தில் திருப்புவதால்தான், நாணயத்தைச் சாய்க்கும்போது இரண்டு ஒளிப்பட்டைகள் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்தைச் சுற்றி ஓடுகின்றன. துடைத்துப் பளபளப்பாக்கிய வெள்ளியில் இந்த ஓட்டம் இருக்காது. அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மின்னும், ஆனால் ஒளி நகராது. பளபளப்பையும் ஒளிர்வையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் வெள்ளி நாணயத்தின் தரத்தில் பாதியைக் கற்றுக்கொண்டதாகவே சொல்வேன். மற்ற எல்லாமே இதன்மேல் கட்டப்படுபவை. உங்கள் குறிப்பில் ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பளிச்சு ஓடுகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பதுதான் மூன்றாமவரின் ஐயத்துக்கு விடை தரும்.

ஒளிப்பட்டை கன்னத்தின்மேல் வரும்போது என்ன நடக்கிறது என்று இப்போது பாருங்கள். தேய்மானம் ஒரு நாணயத்தின் மிக உயர்ந்த புடைப்புகளில்தான் முதலில் தொடங்கும். இந்த நாணயத்தின் முன்புறத்தில் அவை கொலம்பஸின் புருவம், கன்ன எலும்பு, நெற்றிக்குப் பின்னாலுள்ள முடி. பின்புறத்தில் சாந்தா மரியா கப்பலின் பாய்களது மேற்பகுதியும், கப்பலுக்குக் கீழே உள்ள இரண்டு அரைக்கோளங்களின் புடைத்த பரப்பும். நுண்கோடுகளின் முகடுகள் தேய்ந்துபோன இடத்துக்கு வந்ததும் ஒளிப்பட்டை சட்டென்று அறுபடும். அந்த இடம் மட்டும் வழவழப்பான, மங்கிய சாம்பல் நிறத் திட்டாக நிற்கும். பட்டை அதைத் தாண்டியதும் மறுபடி உயிர்பெறும். அப்படி அறுபட்டால் அது தேய்மானம். அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், கண்டிப்பான முறைப்படி அந்த நாணயம் புழங்காத நாணயம் ஆகாது.

ஆனால் சாம்பல் நிறம் தெரிவதெல்லாம் தேய்மானம் அல்ல. நாணயத்தில் மிக உயரமாக இருக்கும் இடம் அச்சில் மிக ஆழமான பள்ளம். அழுத்தம் போதாதபோது உலோகம் அந்தப் பள்ளத்தின் அடிவரை போய்ச் சேராது. சேராத இடத்தில் அச்சின் வழவழப்பு பதியாமல், அடிக்கப்படுவதற்கு முன் அந்த வில்லையில் இருந்த பழைய சொரசொரப்பும் நுண்ணிய பள்ளங்களும் அப்படியே தங்கிவிடும். இதுவும் மங்கலாகத்தான் தெரியும். எம்எஸ்-62 என்றவர் இதைத்தான் கண்டதாக நினைத்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறியச் சில வழிகள் இருக்கின்றன. தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும், அச்சு விழாத இடம் ஐந்து மடங்குப் பெருக்கத்தில் மணல்மணலாகத் தெரியும். தேய்ந்த இடத்தின் நிறம் சுற்றியுள்ள தளத்திலிருந்து வேறுபடும், அச்சு விழாத இடத்தின் நிறம் பெரும்பாலும் தளத்தோடு ஒத்துப்போகும். ஒரு பக்கத்தில் அச்சு சரியாக விழாத இடத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்திலும் விவரங்கள் மெலிந்திருப்பதை அடிக்கடி காணலாம். இரண்டு பக்கத்துப் புடைப்புகளும் ஒரே உலோகத்துக்குப் போட்டியிடுவதால் அப்படி நேர்கிறது.

இவற்றைவிட நம்பகமான சான்று ஒன்று உண்டு. அதைப் பலர் பார்ப்பதில்லை. சட்டைப்பையிலும் கல்லாப்பெட்டியிலும் கிடந்த நாணயம் கன்னத்தில் மட்டும் தேயாது. முகத்துக்கு முன்னால் உள்ள திறந்த வெற்றுத்தளத்திலும் உராய்வு விழுந்திருக்கும். அச்சு விழாத குறையோ தளத்தைத் தொடாது. எனவே கன்னத்தில் ஐயம் வந்தால் பார்வையைத் தளத்துக்குத் திருப்பி, ஒளிப்பட்டை அங்கே சிதறாமல் விளிம்பு வரை போகிறதா என்று பாருங்கள். கொலம்பஸின் முகத்துக்கு முன்னுள்ள வெளியில் ஒளி தேய்ந்து, எழுத்துகளை ஒட்டிய ஒதுக்கிடங்களில் மட்டும் முழுதாக இருந்தால், ஏயூ என்றவர் சொன்னது சரி. தளத்தில் ஒளி முழுதாக இருந்து கன்னம் மட்டும் மணல்மணலாக இருந்தால் எம்எஸ் என்றவர் சொன்னது சரி.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு மூன்றாம் நிலையும் இருக்கிறது, இதில்தான் தேர்ந்தவர்களிடையேயும் கருத்து வேறுபாடு வருகிறது. புழக்கத்துக்கே போகாமல், மர அலமாரியின் இழுப்பறையில் முன்னும் பின்னும் நகர்ந்தோ, மற்ற நாணயங்களோடு சேர்த்துக் காகிதச் சுருளில் அடுக்கப்பட்டோ கன்னத்தில் மட்டும் லேசான உராய்வு பெற்ற நாணயங்கள் உண்டு. பழைய ஆல்பங்களில் நாணயத்தின்மேல் தள்ளி மூடும் பிளாஸ்டிக் தகடு இருக்கும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது கன்னத்தின்மேல் உரசி, ஒரே திசையில் இணையான கோடுகளை இழுத்துவிடும். உயரமான இடங்களில் மட்டும், ஒரே திசையில், தளத்தைத் தொடாமல் கோடுகள் இருந்தால் அது ஆல்பத்தின் வேலை. தரமிடும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட உராய்வைச் சில சமயம் மன்னித்துக் குறைந்த எம்எஸ் எண் தருகின்றன. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. உலோகம் இழந்தது இழந்ததுதான், இழந்த இடம் எதுவாக இருந்தாலும். ஆயினும் சந்தை அப்படித்தான் நடக்கிறது என்பதை வாங்குபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி மூன்றாமவர் எழுப்பிய, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வெள்ளியைத் துடைப்பது மனிதருக்கு இயல்பாக வரும் செயல். சமையல் சோடாவும் பற்பசையும் பாலிஷ் துணியும் எத்தனையோ நல்ல நாணயங்களைக் கெடுத்திருக்கின்றன. துடைத்த நாணயத்தில் மயிரிழைக் கீறல்கள் கூட்டமாக, ஒரே போக்கில் அல்லது சிறு வட்டங்களாக ஓடும். ஒரு கோணத்தில் அவை அத்தனையும் ஒருசேர மின்னும், சற்றே திருப்பியதும் மாயமாகும். அதனால்தான் அசையாத படத்தை நம்பி, துடைக்கப்பட்டது என்றோ துடைக்கப்படவில்லை என்றோ யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எழுத்துகளின் உட்புறங்களில் பழைய நிறமும் அழுக்கும் ஒதுங்கியிருக்க, அவற்றைச் சுற்றித் திறந்த தளம் மட்டும் வெளுத்திருந்தால் அதுவும் துடைத்ததன் அடையாளமே.

இங்கே அவசரப்பட்டு ஒரு நல்ல நாணயத்தின்மேல் பழிபோட்டுவிடக் கூடாது. நாணயச்சாலையில் அச்சின் முகத்தைத் தேய்த்து மெருகேற்றும்போது அச்சில் நுண்ணிய கோடுகள் விழும்; அவை நாணயத்தில் தளத்திலிருந்து மேலெழுந்த கோடுகளாகத் தோன்றும். கீறல் என்பது தளத்துக்குள் இறங்கியது, அச்சு மெருகுக் கோடு தளத்துக்கு மேல் நிற்பது. இந்த உயர்வு தாழ்வைப் பிரித்தறிவது கடினமாக இருந்தால் அவை எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். அச்சின் மிக உயர்ந்த பகுதிதான் நாணயத்தின் தளமாகிறது, மெருகேற்றும் கல் அதை மட்டுமே தொடும். ஆகவே மெருகுக் கோடுகள் தளத்தில் ஓடி, உருவத்தின் எல்லைக்கு வந்ததும் நின்றுவிடும், மறுபுறம் தளத்தில் மீண்டும் தொடரும். துணியால் துடைத்த கீறல் அப்படி நிற்காது. அது தளத்திலிருந்து கழுத்தின்மேல் ஏறி, கன்னத்தைக் கடந்து, முடியின் மேடுகளைத் தொட்டுக்கொண்டு போகும். கொலம்பஸின் கழுத்தும் தளமும் சேரும் கோட்டைப் பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கோடுகள் அந்த எல்லையை மதிக்கின்றனவா, தாண்டுகின்றனவா என்பதிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கலாம்.

கீறல் விழாமலே வெள்ளியைக் கெடுக்கவும் வழி உண்டு. தயோயூரியாவும் அமிலமும் கலந்த கரைசலில் நாணயத்தை முக்கினால் கறுப்பும் நிறமும் நொடியில் போய் வெள்ளை வெளேரென்று வெளிவரும். கறுத்த படலம் வெள்ளியின் சல்பைடு. அதில் நாணயத்தின் சொந்த வெள்ளியே இருக்கிறது. படலத்தை நீக்கும்போது அந்த வெள்ளியும் போகிறது, கூடவே நுண்கோடுகளின் முகடும் சிறிது போகிறது. ஒருமுறை, சில நொடிகள் முக்கியதைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். இந்தக் காலத்து வெள்ளை நாணயங்களில் பல அப்படி வந்தவையே. மீண்டும் மீண்டும் முக்கியது சுண்ணாம்பு அடித்தது போன்ற வெளுப்புடன், ஒளிப்பட்டை இல்லாமல், உயிரற்று இருக்கும். கன்னத்தில் தேய்மானம் தெரிந்தும் நாணயம் முழுவதும் ஒரே தூய வெள்ளையாக இருந்தால் எனக்கு உடனே ஐயம் வரும். நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, சில மாதங்களாவது புழங்கிய வெள்ளிக்கு அந்த நிறம் இயல்பு அல்ல.

இயல்பானது டோனிங் எனப்படும் நிறப்படிவு. காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து மெல்லிய படலத்தை உருவாக்குகின்றன. படலம் தடிக்கத் தடிக்க ஒளி அதில் மடங்கும் விதம் மாறுவதால் நிறமும் ஒரு வரிசையில் மாறும்: வெளிர்பொன் முதலில், பிறகு செம்பழுப்பும் கருஞ்சிவப்பும், பிறகு நீலம். இயற்கையாகப் படிந்த நிறத்தில் இந்த வரிசை கலையாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைந்து செல்லும்; அதன் வழியாக ஒளிப்பட்டையும் ஓடும். பொன்னிறமே இல்லாமல் நேரடியாக நீலம் தொடங்கினாலும், கீறலுக்குள்ளும் தேய்ந்த கன்னத்தின்மேலும் ஒரே அடர்த்தியில் நிறம் படிந்திருந்தாலும், அது யாரோ ரசாயனத்தால் செய்தது என்றே கொள்ளலாம். 1930களில் வெளிவந்த அமெரிக்க நினைவு அரை டாலர்கள் பல, காகித அட்டைகளில் நாணயத்தைக் குறுக்கே பிடித்துக்கொள்ளும் பட்டையோடு அஞ்சலில் அனுப்பப்பட்டன. அந்த அட்டையிலேயே பல ஆண்டுகள் இருந்த நாணயங்களில் பட்டை மூடியிருந்த இடம் ஒரு நிறமாகவும் திறந்திருந்த இடம் வேறு நிறமாகவும் மாறியிருக்கும். அப்படிப்பட்ட நாணயத்தைப் பார்த்தால் அழகில்லை என்று ஒதுக்காதீர்கள். யாரும் அதைத் தொடவில்லை என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. நிறம் கறுப்பை எட்டும் அளவுக்குத் தடித்துவிட்டால் மட்டும் கதை வேறு. அந்த நிலையில் படலம் மேற்பரப்பைத் தின்று, ஒளிர்வு மீளாதபடி போயிருக்கும்.

மேற்பரப்பு அசல் என்றும் தேய்மானம் இல்லை என்றும் முடிவானால் மட்டுமே வடுக்களை எடைபோடும் வேலை வருகிறது. நாணயச்சாலையிலிருந்து கோணிப்பையில் மொத்தமாக அனுப்பப்பட்டபோது ஒன்றோடொன்று மோதி விழுந்த வடுக்கள் இவை. எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். முடியின் சுருள்களுக்குள்ளோ கப்பலின் கயிறுகளுக்கிடையிலோ விழுந்த வடு கண்ணை உறுத்தாது. அதே அளவு வடு கன்னத்தின் நடுவில் விழுந்தால் தரம் இரண்டு படி இறங்கும். இந்த நாணயத்தில் கொலம்பஸின் கன்னம் அகலமானது, மறைக்க எதுவும் இல்லாதது. அதனால்தான் எம்எஸ்-65க்கு மேல் செல்லும் கொலம்பிய அரை டாலர்கள், அடிக்கப்பட்ட எண்ணிக்கையைப் பார்க்கும்போது மிகச் சிலவாகவே இருக்கின்றன. முன்புறத்துக்குப் பின்புறத்தைவிடக் கூடுதல் மதிப்பு கொடுப்பது வழக்கம் என்றாலும், பின்புறம் மிகவும் தாழ்ந்திருந்தால் அது முழு நாணயத்தையும் கீழே இழுக்கும்.

எண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கச் செப்பு சென்ட் நாணயங்களின் தரத்தையும் விலையையும் ஒன்றாகக் கணக்கிட 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். விலைக் கணக்கு விரைவிலேயே பொருந்தாமல் போனது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 60 முதல் 70 வரை புழங்காதவை. 50, 53, 55, 58 ஆகியவை ஏறக்குறையப் புழங்காதவை. 40, 45 இஎஃப், அதாவது மிக நேர்த்தியானவை. அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும். 1986இல் பிசிஜிஎஸ் நிறுவனமும் 1987இல் என்ஜிசி நிறுவனமும் தரமிட்டுப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிடத் தொடங்கிய பிறகு இந்த எண்களே சந்தையின் மொழியாயின. பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் இன்றும் பெரும்பாலும் எண் இல்லாத சொற்களாலேயே தரம் சொல்கிறார்கள். அவர்களின் இஎஃப் அமெரிக்க இஎஃப்பைவிடக் கண்டிப்பானது, அமெரிக்கர்கள் ஏயூ என்று சொல்லும் பல நாணயங்கள் அங்கே இஎஃப் ஆகத்தான் விற்கப்படுகின்றன. பழைய பட்டியல்களைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எண் வரிசையில் 58க்கு அடுத்து 60 வந்தாலும், நாணயத்தின் அழகு அந்த வரிசையில் ஏறுவதில்லை. எம்எஸ்-60 என்பது தேயாத, ஆனால் வடுக்கள் நிறைந்த, ஒளி மங்கிய நாணயம். நல்ல ஏயூ-58 என்பது வடு அதிகமில்லாத, ஒளிர்வில் பெரும்பகுதி உயிரோடு இருக்கும், கன்னத்தில் மட்டும் மெல்லிய உராய்வு விழுந்த நாணயம்; தூரத்திலிருந்து பார்த்தால் அதை எம்எஸ்-63 என்றே சொல்லத் தோன்றும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் தயங்காமல் ஏயூ-58ஐ எடுப்பேன். உங்கள் நாணயம் 58 என்று முடிவானால் அதை இழப்பாக எண்ண வேண்டாம்.

துடைக்கப்பட்டது என்று முடிவானால் நிலைமை வேறு. நிறுவனங்கள் அதற்கு எண் தருவதில்லை. அசல் என்று உறுதி சொல்லி, ஏயூ அளவுக்கு விவரங்கள் இருக்கின்றன, மேற்பரப்பு துடைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் உறையில் குறிப்பார்கள். அப்படிப்பட்ட நாணயத்தை வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் அசல் மேற்பரப்புள்ள நாணயத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. அசல் மேற்பரப்போடு இஎஃப்-45இல் இருக்கும் நாணயம், துடைத்த ஏயூவைவிட எந்தச் சேகரிப்பிலும் மேலானது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் கேட்காவிட்டாலும் புதிய நினைவு நாணயங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1982இல் வாஷிங்டனின் 250ஆம் பிறந்த ஆண்டுக்கு வெளிவந்த வெள்ளி அரை டாலருக்குப் பிறகு வந்த அமெரிக்க நினைவு நாணயங்களும், மற்ற நாடுகளின் இக்கால வெள்ளி நாணயங்களும் நேராகச் சேகரிப்பாளருக்கே விற்கப்படுபவை. அவற்றில் தேய்மானம் என்ற கேள்வியே எழாது. மெருகேற்றிய அச்சாலும் வில்லையாலும் செய்யப்படும் ப்ரூஃப் நாணயங்களில் தளம் கண்ணாடியாகவும் உருவம் பனி படர்ந்ததாகவும் இருக்கும்; ப்ரூஃப் என்பது செய்முறையின் பெயர், தரத்தின் பெயர் அல்ல. அவற்றில் பார்க்க வேண்டியவை கைரேகை, தளத்தில் விழுந்த மயிரிழை, தூய வெள்ளியில் பின்னாளில் தோன்றும் பால் நிறப் புள்ளிகள். ஐந்து மடங்குப் பெருக்கத்தில் குறையே தெரியாதது 70. 69க்கும் 70க்கும் இடையே கண்ணால் காணும் வேறுபாடு அநேகமாக இல்லை, விலையில் மட்டும் இருக்கிறது. அந்த ஓர் எண்ணுக்காக அதிகம் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, பால் புள்ளி உறைக்குள்ளேயும் தோன்றும் என்பதால்.

உங்கள் நாணயத்துக்குத் திரும்புவோம். நீங்கள் சொன்ன அடையாளங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் என் சாய்வு ஏயூ-58 பக்கம்தான். புருவமும் கன்னமும் இரண்டுமே சாம்பலாக இருப்பதும், இந்த நாணயம் புழங்கிய வரலாறும் அதற்குக் காரணம். ஆனால் மூன்றாமவரின் ஐயம் தீரும் வரை அது சாய்வு மட்டுமே. தரமிடும் நிறுவனத்துக்கு இப்போதே அனுப்ப வேண்டியதில்லை. இந்த நாணயம் ஏயூவிலும் தாழ்ந்த எம்எஸ் எண்களிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. அந்த எல்லைக்குள் எண் ஒன்றிரண்டு மாறுவதால் கிடைக்கும் விலை வேறுபாட்டைவிடக் கட்டணமும் அஞ்சல் செலவும் அதிகமாகிவிடும். எம்எஸ்-65க்கு மேல் போகும் என்று நம்பக் காரணம் இருந்தால் அனுப்பலாம், கன்னத்தில் ஏற்கெனவே நிறமாற்றம் தெரியும் நாணயத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை.

அதற்குப் பதிலாக, அசையாத படங்களை விட்டுவிட்டு ஒரு காணொளி எடுங்கள். அறையின் விளக்குகளை அணைத்து, ஒற்றை மேசை விளக்கை நாணயத்துக்கு மேலே ஒரு பக்கமாக வைத்து, கேமராவை அசைக்காமல், நாணயத்தை ஓரத்தில் பிடித்து முன்புறத்தை முழுச் சுற்று மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள், பின்புறத்துக்கும் அப்படியே. ஒளிப்பட்டை கன்னத்தைக் கடக்கும் இடத்தில் சற்று நின்று முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டுங்கள், பிறகு முகத்துக்கு முன்னுள்ள வெற்றுத்தளத்திலும் அதையே செய்யுங்கள். கழுத்தும் தளமும் சேரும் எல்லையை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக நெருக்கமாக ஒரு படம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நாணயத்தைத் துணியால் தொடவே வேண்டாம். பழைய பிவிசி உறையிலிருந்து இறங்கிய பச்சைப் பிசுக்கு இருந்தால் மட்டும், காற்றோட்டமான இடத்தில், தீயிலிருந்து விலகி, தூய அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து, தேய்க்காமல் தானாக உலரவிடுங்கள். அசிட்டோன் பிசுக்கைக் கரைக்கும், வெள்ளியையும் அதன் நிறப்படிவையும் தொடாது. காணொளியை அந்த மூவருக்கும் அனுப்பி, எண் எதுவும் கேட்காமல், தளத்தில் ஒளி ஓடுகிறதா, கன்னத்தில் அறுபடுகிறதா, கோடுகள் கழுத்தின் எல்லையைத் தாண்டுகின்றனவா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள்.